அத்தையும் இடப்பக்க பிரேக்கும்

அத்தை சைதாப்பேட்டையிலிருந்து கோபித்துக்கொண்டு வந்தபோது, மற்றப் பெண்கள் புடவை எடுத்து வருவதுபோல ஸ்பேனர் எடுத்து வந்தாள். தகரப் பெட்டியைத் திறந்தால் மேலே ஒரே ஒரு பட்டுப்புடவை. அதற்கு அடியில் பழந்துணியில் சுற்றிய இரும்புச் சாமான்கள். பெட்டியை நகர்த்தப் பார்த்த அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதற்கு முன்னால், இவ்வளவு கனம் என்றால் நகையாகத்தான் இருக்கும் என்று நாங்கள் எல்லோரும் கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டுக்கொண்டோம்.

அத்தை என் அப்பாவின் தங்கை. அவள் புருஷன், அதாவது என் மாமா, சைதாப்பேட்டையில் பட்டறை போட்டிருந்த மெக்கானிக். கெட்டிக்காரர் என்று பெயர். அந்தப் பெயரில் பாதி அத்தையுடையது என்பது பட்டறைக்கு உள்ளே இருந்தவர்களுக்கு மட்டும் தெரியும். ஒரு நாள் லாரிக்காரர் ஒருவர் எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்று மாலை வாங்கிவந்து மாமா கழுத்தில் போட்டிருக்கிறார். பக்கத்தில் கிரீஸ் கையோடு நின்ற அத்தை, அந்த எஞ்சினைத் தான்தான் பிரித்து மாட்டியதாகச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். மாமாவும் சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னாராம்: இவள் எனக்குக் குடிக்கத் தண்ணீர் மொண்டு கொடுக்கிற பொம்பளை என்று. சாயங்காலம் சண்டை. உன் அண்ணன் வீட்டுக்குப் போ, தானாகத் திரும்பி வருவாய் என்றார். போ என்றால் போய்விடுகிற பெண்களும் உலகத்தில் உண்டு என்பது பாவம் அவருக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை. இதைப் படிக்கிற மாப்பிள்ளைமார் யாராவது இருந்தால் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் வீடு மயிலாப்பூரில், கடலுக்கு ரொம்பக் கிட்டத்தில். துணி காய்ந்தால் அதில் உப்பும் சேர்ந்து காயும். தெருக்கோடியில் மாதா கோயில், அதற்குப் பின்னால் தென்னந்தோப்பு. அந்தத் தோப்புக்காக எந்தக் காலத்திலோ ஒரு வெளிநாட்டுச் சாமியார் வரவழைத்த குட்டி டிராக்டர் ஒன்று இருந்தது. அவர் ஊருக்குப் போய்விட்டார். அது இங்கேயே தங்கிவிட்டது. கன்றுக்குட்டிக்குச் சக்கரம் மாட்டியதுபோல இருக்கும். தேங்காய், குப்பை, மணல், தண்ணீர்ப் பீப்பாய் எல்லாவற்றையும் அதுதான் இழுக்கும். திருவிழாவன்று மட்டும் அதற்கு மரியாதை. மாதா சொரூபம் வைத்த சப்பரத்தை டிரெய்லரில் ஏற்றித் தெருத்தெருவாக இழுத்துப்போகும். அதற்காக வருஷா வருஷம், மாதாவின் முக்காட்டுக்கு அடித்த நீல பெயிண்டில் மீந்ததை டிராக்டருக்கும் அடிப்பார்கள். சீட்டு, நட்டு, போல்ட்டு எதையும் விடமாட்டார்கள். பக்தி அப்படி.

டிராக்டர் ஓட்டிய கிழவர் மகனோடு இருக்க எங்கோ போய்விட, வண்டி சும்மா நின்றது. அத்தை ஒரு நாள் ஃபாதரிடம் போய், நான் ஓட்டுகிறேன் என்றாள். வேறு ஆள் கிடைக்கும்வரை ஓட்டம்மா என்றார் அவர். வேறு ஆளை அவர் தேடியதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. அத்தை புடவையை முட்டிக்குமேல் சொருகிக்கொண்டு, தலையில் துண்டு கட்டி, டுபுடுபுவென்று தோப்பிலிருந்து கிளம்பினால் தெருவே வாசலுக்கு வரும். பாதிப் பேர் பார்க்க வருவார்கள், பாதிப் பேர் பேச வருவார்கள். பேச்சு அப்பா காதில்தான் விழுந்தது. பேசியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. ஆனாலும் அப்பா குனிந்த தலையோடுதான் கோயிலுக்குப் போய்வந்தார்.

திருவிழாவுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால் மாமா எங்கள் கோயிலுக்குப் பூசைக்கு வந்தார். கடைசி வரிசையில் பவ்யமாக முழங்காலில் நின்றார். ஃபாதர் பிரசங்கம் தொடங்கியதும் எழுந்து வெளியே போனவர், காணிக்கை எடுக்கும்போதுதான் திரும்பி வந்தார். பீடி குடிக்கப் போயிருப்பார் என்று அம்மா சொன்னாள். அப்பாவோ, மனுஷன் திருந்திவிட்டான், பூசைக்கெல்லாம் வருகிறான் என்று உருகிப்போனார். அத்தை திரும்பியே பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் சப்பரத்துக்கு வெள்ளோட்டம். காலி டிரெய்லரை மாட்டிக்கொண்டு, சப்பரம் போகிற வழியெல்லாம் ஒருமுறை போய்வர வேண்டும். நானும் டிரெய்லரில் ஏறிக்கொண்டேன். கோயில் வாசலில் டிராக்டர் நன்றாகத்தான் கிளம்பியது. கச்சேரி ரோடு திரும்பும்போது இடப்பக்கமாக இழுத்தது. மீன் விற்கிற இடத்துக்கு வந்ததும் மூச்சு வாங்கியது. அப்புறம் ரப்பர் தீய்வதுபோல ஒரு நாற்றம் வந்து, நடுத்தெருவில் நின்றுவிட்டது. அத்தை எவ்வளவு ஆக்சிலரேட்டர் கொடுத்தும் உறுமியதே ஒழிய அசையவில்லை. பின்னால் பஸ், முன்னால் மீன்கூடைகள். தள்ளிப் பார்த்தார்கள், தள்ளவும் முடியவில்லை. எல்லோரும் சலித்துப் போய், நிழலில் உட்கார்ந்து மோர் குடித்து முடித்த பிறகு, அதுவாகவே சாதுவாக நகர்ந்தது.

வீடு வந்து சேர்வதற்குள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அப்பா எஞ்சினில் கோளாறு என்றார். டீக்கடைக்காரர் டீசலில் தண்ணீர் என்றார். கோயில் கமிட்டித் தலைவர் மெழுகுவத்திக் கடை வைத்திருப்பவர்; அவர் டிராக்டரையே பார்க்காமல் அத்தையைப் பார்த்து, இதெல்லாம் பழக்கப்பட்ட கை ஓட்ட வேண்டிய வண்டி என்றார். சாயங்காலம் அவரும் அப்பாவும் முற்றத்தில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சப்பரம் நின்றால் மாதாவுக்கு அவமானம். சனிக்கிழமைக்குள் வண்டி சரியாகாவிட்டால் மாமாவை வரவழைப்பது. அவர் வண்டியைச் சரிசெய்வார், சப்பரத்தை அவரே ஓட்டுவார், முடிந்ததும் அத்தையையும் கையோடு கூட்டிக்கொண்டு போவார். ஒரே கல்லில் மூன்று மாங்காய். அப்பா முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு வெளிச்சம்.

அத்தை சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வரட்டும்ணா. வந்து வேடிக்க பாத்துட்டு போவட்டும். என் வண்டிய நான் பாத்துக்கிறேன்."

"உன் வண்டியா? அது கோயில் வண்டிம்மே."

"நடுரோட்டுல நின்னப்போ கோயில் வண்டின்னு எவன் சொன்னான்? எல்லாரும் உன் வண்டி நின்னுபோச்சுன்னுதான சொன்னாங்க. அப்போ என்துதான்."

மறுநாள் அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு தோப்புக்குப் போனாள். எனக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து டிரெய்லரில் உட்காரவைத்தாள். டிராக்டரை இரண்டு சுற்று சுற்றிவிட்டு நிறுத்தி, பின்சக்கரங்களின் நடுவில் இருக்கிற இரும்புச் சட்டி மேல் தண்ணீர் தெளிக்கச் சொன்னாள். அந்தச் சட்டிக்குள்ளேதான் பிரேக் இருக்கிறது என்றாள். வலப்பக்கச் சட்டியில் தெளித்தேன். தண்ணீர் வழிந்தது. இடப்பக்கத்தில் தெளித்தேன். தோசைக்கல்லில் விட்டதுபோல 'சுர்' என்றது. அந்தப் பக்கமாக வந்த இரண்டு பெண்கள், நான் டிராக்டருக்குத் தீர்த்தம் தெளிப்பதாக நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள்.

எஞ்சினும் இல்லை, டீசலும் இல்லை, இடது பிரேக் பிடித்த பிடியை விடமாட்டேன் என்கிறது என்று அத்தை சொன்னாள். பிடித்துக்கொண்டே ஓடுவதால் சூடு. சூடேற ஏற உள்ளே இருக்கிற கட்டை உப்பி இன்னும் இறுக்குகிறது. ஆறினால் விட்டுவிடுகிறது. உங்கப்பன் கோவம் மாதிரி என்று சேர்த்துக்கொண்டாள்.

அப்புறம் வேலை தொடங்கியது. முன்சக்கரத்துக்குச் செங்கல் அண்டை கொடுத்து, ஜாக்கி போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கினாள். ஆறியிருந்த சக்கரத்தைக் கையால் சுற்றினாள். வலது சத்தமில்லாமல் சுற்றியது. இடது சுற்றும்போது முறத்தில் அரிசி புடைப்பதுபோல மெல்ல ஒரு உரசல். சக்கரத்தைக் கழற்றி, சட்டியைத் தட்டித் தட்டி எடுத்தாள். உள்ளே பிறை வடிவத்தில் இரண்டு கட்டைகள். மிதியை மிதித்தால் அந்த இரண்டையும் விரித்துவிடுகிற இரும்புத் தண்டு ஒன்று. அந்தத் தண்டில் உப்புக் காற்றின் துரு செதில் செதிலாக உட்கார்ந்திருந்தது. அத்தைக்கு ஒரே சந்தோஷம், திருடன் அகப்பட்டான் என்று. உள்ளே இருந்த கறுப்புத் தூசியை ஊதக்கூடாது, நெஞ்சுக்குக் கெடுதல் என்று ஈரத்துணியால் துடைத்தாள். துருவை உப்புத்தாளால் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு பொட்டு கிரீஸ் வைத்தாள். கட்டையில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்கவே பிடிக்காது என்பதால், என் கையை என் பாவாடையிலேயே துடைக்க வைத்தாள். அம்மா அதற்குத் தனியாக ஒரு நாள் பேசினாள்.

எல்லாம் மாட்டி, வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்தோம். கடற்கரைவரை போய்த் திரும்பினோம். இறங்கித் தண்ணீர் தெளித்தேன். இடப்பக்கம் மறுபடியும் 'சுர்'.

சக்கரத்தின் மேல் கையை வைக்கப் போன அத்தை, சூடு பட்டு எடுத்துக்கொண்டாள். நான் அழுதுவிட்டேன். எனக்கு மாதாவைப் பற்றியோ சப்பரத்தைப் பற்றியோ கவலை இல்லை. அத்தை போய்விட்டால் டிரெய்லரில் ஏறவிடுகிற ஆள் இருக்காது.

சேதி வீட்டுக்கு வந்ததும் அப்பா, சனிக்கிழமைவரை பொறுக்காமல், சட்டையை மாட்டிக்கொண்டு சைதாப்பேட்டைக்குப் பஸ் ஏறினார். போவதற்கு முன்னால் அத்தையின் தகரப் பெட்டியை எடுத்து வாசலுக்குக் கிட்டே வைத்து, அதைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டுத்தான் போனார். அந்தக் கயிற்றைப் பார்த்த பிறகு அத்தை சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

சனிக்கிழமை காலையில் அவள் மறுபடியும் தோப்புக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். இந்த முறை எதையும் கழற்றவில்லை. டிராக்டரில் இரண்டு பிரேக் மிதிகள் உண்டு, இடச்சக்கரத்துக்கு ஒன்று, வலச்சக்கரத்துக்கு ஒன்று. ரோட்டில் ஓட்டும்போது இரண்டையும் கொக்கியால் சேர்த்துவிடுவார்கள். அத்தை கொக்கியை எடுத்துவிட்டு, கீழே குந்திக்கொண்டு, மிதிகளைக் கையால் அமுக்கினாள். வலது மிதி ஒரு தீப்பெட்டி உயரத்துக்குச் சும்மா இறங்கி, அதற்கு அப்புறம்தான் பிடித்தது. இடது மிதி தொட்டதும் பிடித்தது. சும்மா இறங்குகிற அந்த இடம்தான் பிரேக்குக்கு மூச்சு, இதற்கு மூச்சே இல்லை என்றாள்.

மிதியிலிருந்து சக்கரத்துக்குப் போகிற கம்பியைத் தடவிக்கொண்டே வண்டிக்கு அடியில் போனாள். கம்பியின் முனையில் ஒரு நட்டு. அதைத் திருகினால் பிரேக் இறுகும், தளர்த்தினால் விடும். வலப்பக்கத்து நட்டு வருஷ வருஷமாக அடித்த நீல பெயிண்டுக்குள் புதைந்து கிடந்தது. இடப்பக்கத்தில் பெயிண்ட் வெடித்திருந்தது. நட்டு உட்கார்ந்திருந்த பழைய இடத்தில் கம்பியின் திருகுமரை பளபளவென்று தெரிந்தது. யாரோ சமீபத்தில் ஸ்பேனர் போட்டு முறுக்கியிருக்கிறார்கள்.

அத்தை அந்த மரையில் விரலைத் தேய்த்து மூக்கில் வைத்தாள். அப்புறம் என் மூக்கில் வைத்தாள்.

"இன்னா வாசன சொல்லு."

"துணி தொவைக்கிற சோப்பு, அத்த."

அத்தை வண்டிக்கு அடியிலேயே மல்லாந்து படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து வயிறு குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தால் சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர் வந்ததும் நிஜம்தான்.

எந்த மரையையும் சோப்பைத் தடவித்தான் திருகுவது என்பது சைதாப்பேட்டைப் பட்டறையின் பழக்கம். மாமாவின் கை அது. சோப்பு தடவினால் சுலபமாக ஏறும் என்பார். மயிலாப்பூரில் வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பிரசங்கத்தின்போது வெளியே போன மனுஷன் பீடி குடிக்கப் போகவில்லை. இதையெல்லாம் இப்போது உங்களுக்குச் சொல்கிறேனே தவிர, அன்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கம்பியில் எப்படி சோப்பு வந்தது என்று அத்தையைக் கேட்டேன். கடல் காத்து குளிச்சிட்டு வந்துகீது போல என்றாள். நான் நம்பினேன்.

அத்தை நட்டைத் தளர்த்தினாள். ஒவ்வொரு திருகுக்கும் மேலே வந்து மிதியை அமுக்கிப் பார்த்தாள். இடது மிதியும் தீப்பெட்டி உயரம் சும்மா இறங்கியது. சோப்பைத் துடைத்து, கிரீஸ் தடவி, அது நகராமல் பிடிக்கிற பூட்டு நட்டை இறுக்கினாள். கடற்கரைக்குப் போனோம், கச்சேரி ரோடு போனோம், மீன்கடைகளைத் தாண்டிப் போனோம். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறையும் போனோம். இறங்கித் தண்ணீர் தெளித்தேன். இரண்டு பக்கமும் சும்மா வழிந்தது. அத்தனை அழகாகத் தண்ணீர் வழிந்து நான் பார்த்ததில்லை.

வீட்டில் சொல்லாதே என்று அத்தை சொன்னாள். எனக்கு மிட்டாய் எதுவும் வாங்கித் தரவில்லை. காதைத் திருகிவிட்டு, சொன்னால் இடது காது போகும் என்றாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சப்பரத்தில் மாதா ஏறியாயிற்று. சம்பங்கி மாலையும் மின்சார பல்பும் கட்டியாயிற்று. ஜெபமாலையோடு ஜனங்கள் வாசலில் நின்றார்கள். வெள்ளிக்கிழமை போய் அங்கேயே தங்கிவிட்ட அப்பா, அப்போதுதான் மாமாவோடு வந்து இறங்கினார். வெளுத்த சட்டை, தோளில் சாமான் பை. மெக்கானிக் வந்தாச்சு என்று கூட்டம் வழிவிட்டது. மாமா அத்தையைப் பார்த்து, சண்டையை மறந்துவிட்ட பெரிய மனுஷன் சிரிப்பு ஒன்று சிரித்தார்.

கமிட்டித் தலைவர் அத்தையை இறங்கச் சொன்னார். அத்தை சீட்டிலிருந்து இறங்கவில்லை. மெக்கானிக் முதலில் கோளாறு என்னவென்று பார்த்துச் சொல்லட்டும், அப்புறம் இறங்குகிறேன் என்றாள். நியாயம்தானே என்றார் ஃபாதர்.

மாமா சட்டைக் கையை மடித்தார். இடப்பக்கமாக வந்தார். குனிந்தார். கையை வண்டிக்கு அடியில் விட்டார். கை நேராக அந்த நட்டுக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது. அவருக்குப் பளபளப்பும் அகப்படவில்லை, சோப்பும் அகப்படவில்லை. விரலில் கிரீஸ்தான் ஒட்டியது.

அத்தை சீட்டிலிருந்தபடியே குனிந்தாள். அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். நான் டிரெய்லர் கொக்கியின் மேல் உட்கார்ந்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"சக்கரத்த சுத்திப் பாக்கல. சூடு கீதான்னு தொட்டுப் பாக்கல. எந்த பிரேக்குன்னுகூட யாரும் சொல்லல. கை நேரா அங்க போவுது. இன்னா கெட்டிக்காரன்யா நீ."

மாமா நிமிரவில்லை. காது மட்டும் சிவந்தது. தலைவர் பொறுக்கமாட்டாமல் என்ன கோளாறு என்று கேட்டார். மாமா எழுந்து, கையைத் துண்டில் துடைத்து, ஒன்றுமில்லை, வண்டி சரியாகத்தான் இருக்கிறது என்றார். ஒரே தடவலில் கண்டுபிடித்துவிட்டாரே, அனுபவம் என்றால் இதுதான் என்று தலைவர் ஆச்சரியப்பட்டார். கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் ஆட்டினேன். எங்கள் அத்தை நாள் கணக்கில் தேடியதை மாமா தொட்டே தெரிந்துகொண்டார். இப்பேர்ப்பட்டவரை விட்டுவிட்டு வந்தாளே என்று எனக்கு அந்த நிமிஷம் அத்தையின் மேல் வருத்தம்கூட வந்தது.

டிரெய்லருக்குத் தனியாக பிரேக் கிடையாது. மயிலாப்பூர்த் தேருக்குப் போடுவதுபோல, சப்பரம் நிற்கிற இடத்தில் எல்லாம் ஓர் ஆள் சக்கரத்துக்கு அடியில் கட்டை போட வேண்டும். கிளம்பும்போது எடுத்து, அதைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும். வழக்கமாகப் போடுகிறவர் கட்டையோடு தயாராக நின்றார். அத்தை அவரை விலகச் சொன்னாள். இந்த முறை எல்லோருக்கும் கேட்டது.

"யோவ், பைய இங்க வெச்சிட்டு கட்டைய எடு. என் பிரேக்கு மேல எனக்கு நம்பிக்க கீது. ஆனா மாதா குந்திகினு கீறாங்க, அதனால ஒரு கட்டையும் இருக்கட்டும். பின்னால வா."

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் மாதாவைப் பார்த்தார். மாமா பையை வைத்துவிட்டுக் கட்டையைத் தூக்கினார்.

அன்று சப்பரம் எங்கேயும் தானாக நிற்கவில்லை. அத்தை நிறுத்திய இடத்தில்தான் நின்றது. குப்பத்து முனை, மீன்கடை, பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி வாசல், யாராவது பூமாலையோடு நின்றால் அவர்கள் வாசல் என்று அவள் இஷ்டத்துக்கு நிறுத்தினாள். போன வருஷங்களைவிட நிறைய நிறுத்தினாள் என்று அம்மா பிறகு சொன்னாள். ஒவ்வொரு முறையும் மாமா வெளுத்த சட்டையோடு குனிந்து கட்டை போட்டார். ஒவ்வொரு முறையும் குனிந்து எடுத்தார். எனக்கோ பொறாமை. சப்பரத்துக்கு அவ்வளவு கிட்டத்தில் நடக்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? சைதாப்பேட்டையிலிருந்து வந்த விருந்தாளிக்கு அத்தை எவ்வளவு பெரிய மரியாதை செய்துவிட்டாள் என்று நினைத்து, அவள் மேல் இருந்த வருத்தத்தை விட்டுவிட்டேன்.

சப்பரம் கோயிலுக்குத் திரும்பியதும் மாமா பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். அம்மா கோழிக்குழம்பு வைத்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டும் அவர் நிற்கவில்லை. அப்பா பாதி தூரம் பின்னால் போய், எதையோ யோசித்துத் திரும்பி வந்துவிட்டார். நட்டு விஷயத்தை அப்பாவிடம் யார் போய்ச் சொன்னது, எவ்வளவு சொன்னது என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைப் பற்றி அவர் பேசியதே இல்லை. அத்தை கயிற்றை அவிழ்த்து, கொல்லையில் கட்டி, கிரீஸ் பட்ட புடவையை அதில் துவைத்துப் போட்டாள். நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசுகிறவர்கள் அவள் சாகும்வரை பேசினார்கள். அவளும் சாகும்வரை ஓட்டினாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது நான் அத்தையைக் கேட்டேன், மாமா ஏன் சாப்பிடாமல் போய்விட்டார் என்று. அத்தை கோழிக்காலைக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

"கட்ட கனம், கண்ணு. தோளு வலிச்சிருக்கும்."

எனக்குப் பாவமாக இருந்தது. மறுநாள் விறகு அடுக்கில் தேடி, சின்னதாக, கனமில்லாத முருங்கைக் கட்டை ஒன்றைப் பொறுக்கி எடுத்து, அடுத்த வருஷம் மாமா வந்தால் கொடுக்கலாம் என்று கட்டிலுக்கு அடியில் பத்திரமாக வைத்தேன்.